ஸ்லீவ் செய்து எட்டு மாதம்: இந்தக் குளிசை எல்லாம் கட்டாயம் போடத்தான் வேண்டுமா?

சுன்னாகத்துப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். போன மார்கழியில் கொழும்பில் எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்குகிற ஸ்லீவ் ஒப்பரேசன் செய்தேன். அப்போது 112 கிலோ, இப்போது 81. முழங்கால் நோவு போய்விட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, அந்த வகையில் ஒரு குறையும் இல்லை. பிரச்சினை குளிசைதான். வீட்டுக்கு விடும்போது மல்ட்டிவிற்றமின், கல்சியம், அயன் (இரும்புச்சத்து), விற்றமின் டி, மாதம் ஒரு பி12 ஊசி என்று எழுதித் தந்தார்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டேன். அயன் மலச்சிக்கலைத் தந்தது, கல்சியம் குளிசையோ பெரிது, தொண்டையில் நிற்கிற மாதிரி இருக்கும். சித்திரையோடு ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன். கடைசி ஊசி பங்குனியில் போட்டது.

இப்போது எடுப்பது கனடாவில் இருந்து சித்தி அனுப்பிய கம்மி (இனிப்பு மாதிரி மென்று சாப்பிடும் விற்றமின்) மட்டும், தோடம்பழ ருசி, நாளைக்கு இரண்டு. அம்மா ஒன்றுவிட்ட ஒரு நாள் முருங்கையிலை வறை செய்து தந்து, இதைவிட என்ன சத்து வேண்டும் என்கிறார். ஆனால் நாலைந்து மாதமாகத் தலைமயிர் கொட்டுகிறது, குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டையை இரண்டு நாளுக்கு ஒருமுறை நானே தோண்டி எடுக்கிறேன். மாதவிடாயும் எனக்குக் கூடுதலாகத்தான் போகும். நல்லூர்க் கோயில் கொடியேறியதில் இருந்து வீட்டில் மச்சமும் (மீன், இறைச்சி) இல்லை.

கம்மி போதாதா? இதெல்லாம் எத்தனை வருடத்துக்கு? அப்புறம் ஒரு விசர்க் கேள்வி, எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது, அது கல்சியம்தானே, அதற்கு மேல் எதற்குக் குளிசை?

பழைய பைபாஸ்:

தங்கச்சி, எனக்குச் செய்து ஆறு வருடம். பைபாஸ், ஆனால் வயிற்றில். ஊரில் எல்லோரும் ஹார்ட் என்று நினைத்து ஹோர்லிக்ஸ் போத்தலோடு பார்க்க வந்தார்கள், அது வேறு கதை.

நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில்தான் நானும் நின்றேன். இரண்டாம் வருடம், உடம்பு நன்றாக இருக்கிறது, இனி எதற்கு என்று எல்லாவற்றையும் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இதில் உள்ள பொல்லாப்பு. பி12 கல்லீரலில் சேமித்து இருக்கும், அது கரைய மாதங்கள், சில பேருக்கு வருடங்கள் கூட ஆகும், அதுவரை நீங்கள் ராசா மாதிரித் திரியலாம். நாலாம் வருடம் உள்ளங்கால் இரண்டும் விறைத்தது. பஞ்சில் மிதிக்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைக்குள் மரக்கறி வாங்கிக்கொண்டு நடக்கிறேன், பின்னால் வந்த ஒரு பெடியன் "ஐயா உங்கட செருப்பு" என்று கையில் தூக்கிக்கொண்டு வருகிறான். ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததே எனக்குத் தெரியவில்லை.

சீனி வருத்தக்காரன்தானே, சீனியால் வந்த விறைப்பு என்று முதலில் பார்த்தவர் சொல்லிவிட்டார். சீனிக்கான மெட்போமின் குளிசையும் பல வருடமாகப் போடுகிறேன், அதுவும் பி12ஐக் குறைக்கும் என்று அப்போது எனக்கு யார் சொன்னது? நான் சைவம் வேறு. ஏழெட்டு மாதம் போனபிறகு இன்னொரு டொக்டர் வயிற்றுத் தழும்பைக் கண்டு விசாரித்து இரத்தம் எடுத்தார், பி12 அடிமட்டம். ஊசி மேல் ஊசி போட்டு முக்கால்வாசி திரும்பி வந்தது. வலது காலில் கடைசி இரண்டு விரல் இன்றைக்கும் மரக்கட்டைதான்.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள். சாகும்வரை. பயப்படுத்தச் சொல்லவில்லை, பல் தீட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்குருவி:

இதெல்லாம் மருந்துக் கொம்பனிக்காரன் வியாபாரம். எங்கட அம்மம்மா ஒடியல் கூழும் குரக்கன் புட்டும் சாப்பிட்டு 93 வயது வரை இருந்தவ. ஒரு குளிசை போட்டதில்லை.

பழைய பைபாஸ்:

உங்கள் அம்மம்மாவின் இரைப்பையை யாரும் முக்கால்வாசி வெட்டி எடுக்கவில்லை, குருவி.

பாமசிக்காரி:

அண்ணை சொன்னதுதான் விஷயம். ஸ்லீவில் இரைப்பையில் 75 முதல் 80 வீதம் வரை போய்விடும். பி12ஐக் குடல் உறிஞ்சுவதற்குத் துணையாக ஒரு புரதம் அந்தச் சுவரில்தான் சுரக்கிறது. அமிலமும் குறைந்துவிடும், அது இல்லாமல் இரும்பும் கல்சியமும் சரியாக உடம்பில் சேராது. போதாக்குறைக்கு நீங்கள் சாப்பிடுவதே இரண்டு பிடி. முருங்கையிலை நல்ல சாமான், விட வேண்டாம், ஆனால் இலையில் உள்ள இரும்பு மீனிலும் இறைச்சியிலும் உள்ளது போல இலகுவில் உறிஞ்சப்படாது. பி12 எந்த இலையிலும் இல்லை, அது மச்சம், முட்டை, பாலில் மட்டும்.

கம்மிப் போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கோ. அனேகமாக அயன் என்ற சொல்லே இருக்காது, தயமினும் (பி1) பல கம்மிகளில் இல்லை. அயன் போட்டால் ருசி கெட்டுவிடும், அதனால் போடமாட்டார்கள்.

எடைக்குறைப்பு ஒப்பரேசனுக்கான அமெரிக்கச் சங்கத்தின் 2016 வழிகாட்டலில் உள்ள அளவுகள் இவை. ஸ்லீவ் செய்த, மாதவிடாய் வருகிற பெண்ணுக்கு நாளைக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம், கல்சியம் 1200 முதல் 1500, விற்றமின் டி 3000 ஐயு, தயமின் குறைந்தது 12 மில்லிகிராம், பி12 ஊசி என்றால் மாதம் 1000 மைக்ரோகிராம். உங்கள் அளவை உங்கள் டொக்டர்தான் இரத்தம் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஆனால் கடையில் ஆட்கள் ஏமாறுவது இன்னொரு இடத்தில். பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கும் எண் பல நேரம் அந்தச் சேர்மத்தின் முழு எடை, உள்ளே உள்ள இரும்பின் அல்லது கல்சியத்தின் எடை இல்லை. பெரஸ் சல்பேட் 200 என்று இருந்தால் உள்ளே இரும்பு 60, 65தான். கல்சியம் கார்பனேட்டில் (பள்ளிக்கூடத்தில் காபனேற்று என்று படித்தோமே, அதுதான்) 40 வீதம் கல்சியம், சிட்ரேட்டில் 21 வீதம், கர்ப்பிணிகளுக்குத் தருகிற லக்டேட்டில் 13 வீதம். 300 மில்லிகிராம் லக்டேட் ஒன்று போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 40க்குக் கிட்ட. அதை வைத்து 1200க்கு எண்ணிப் பாருங்கோ.

உங்களுக்குச் சிட்ரேட் நல்லது, அதற்கு அமிலம் தேவையில்லை. ஒரே தடவையில் கல்சியம் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் போட்டாலும் உடம்பு எடுக்காது, பிரித்துப் போட வேண்டும். கல்சியத்துக்கும் அயனுக்கும் நடுவில் இரண்டு மணித்தியாலம் விடுங்கோ. தேத்தண்ணிதான் எங்கள் சனத்தின் பெரிய வில்லன், காலையில் எழும்பியவுடன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, அதோடு அயனைப் போட்டால் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். நான் கடையில் சொல்வது, அயனை இரவு படுக்கமுன் தேசிக்காய்த் தண்ணியோடு. மலச்சிக்கல் என்றால் வேறு வகை அயன் இருக்கிறது, ஒன்றுவிட்ட நாள் போடலாமா என்றும் டொக்டரிடம் கேளுங்கோ, சும்மா நிறுத்த வேண்டாம்.

தலைமயிர் மூன்றாம் மாதத்தில் இருந்து ஆறாம் மாதம் வரை கொட்டுவது எடை வேகமாகக் குறைவதால், அது தானாக முளைக்கும். எட்டு மாதமாகியும் கொட்டுகிறது, மாதவிடாயும் கூடுதல் என்றால் பெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் இரத்த டெஸ்ட்) பார்க்காமல் இருக்கக் கூடாது. புரதமும் நாளைக்கு 60 கிராமாவது வேண்டும், மச்சம் இல்லாத இந்த நாட்களில் பயறு, கடலை, தயிர், சோயாமீற் என்று தேடிச் சாப்பிடுங்கோ. பயோட்டின் வாங்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், எல்லோரும் வாங்குகிறார்கள். அது தைரொயிட் டெஸ்டைப் பிழையாகக் காட்டக்கூடும், போடுகிறீர்கள் என்றால் இரத்தம் எடுக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கோ.

கிணற்றுத் தண்ணீர்க் கேள்வி விசர்க் கேள்வி இல்லை. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், தண்ணீரில் கல்சியம் இருக்கிறதுதான். ஆனால் கேத்திலில் ஒட்டியதை நீங்கள் குடிக்கவில்லையே! எந்தக் கிணற்றில் எவ்வளவு என்றும் கணக்கில்லை, அதை நம்பிக் குளிசையை விட முடியாது.

தோட்டக்காரன்:

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், இதை வாசிக்கிற வேறு ஆருக்காவது உதவும். என் மனைவிக்கு ஸ்லீவ் செய்து ஆறாம் கிழமை சத்தி (வாந்தி) தொடங்கியது. தண்ணி குடித்தாலும் சத்தி. பத்து நாள் அப்படியே போனது, ஒப்பரேசன் செய்தால் இப்படித்தான் என்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். ஒருநாள் பின்னேரம் விளக்கேற்றிவிட்டு வந்து, சாமிப்படத்தில் முருகனுக்கு வேல் இரண்டு தெரிகிறது என்றா. சிரித்தேன். எழும்பி நடக்கும்போது சுவரைப் பிடித்தா, அதன்பிறகுதான் ஓட்டோ பிடித்தேன். தயமின் குறைபாடு. உடம்பில் அது சில கிழமைக்குத்தான் இருப்பு இருக்குமாம், பி12 போல வருடக்கணக்கில் இல்லை. அன்றைக்கு வார்டில் நின்ற ஒரு இளம் டொக்டர் ஒப்பரேசன் கதையைக் கேட்டுவிட்டு, குளுக்கோஸ் சேலைன் ஏற்றமுன் தயமினை இரத்த நாளத்தில் ஏற்றினார், மாறிச் செய்தால் மூளைக்கு இன்னும் கேடாம். கண் மூன்றாம் நாள் சரியானது, நடை சரியாக இரண்டு மாதம் சென்றது. சத்தி நிற்காவிட்டால் அடுத்த கிளினிக் நாள் வரும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கோ. என்ன ஒப்பரேசன் என்பதை வாய் திறந்து சொல்லுங்கோ.

சுன்னாகத்துப் பிள்ளை:

பத்து நாளைக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும். போத்தலைத் திருப்பி வாசித்தேன், அயனும் இல்லை, தயமினும் இல்லை, சீனி மட்டும் நாலு கிராம். இரத்தம் கொடுத்தேன். பெரிட்டின் 8, ஹீமோகுளோபின் 9.8, விற்றமின் டியும் குறைவு. பி12 ஓரமாக நிற்கிறது, இன்னும் விழவில்லை. ரிப்போர்ட்டைப் படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன், வேறு அயன் எழுதித் தந்தார்கள், மாதவிடாய்க்கு வேறாக ஒரு டொக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். ஊசி நேற்றுப் போட்டாயிற்று. பாமசிக்காரி அக்கா, சிட்ரேட் இங்கே இரண்டு கடையில் கேட்டேன், இல்லை. அம்மா இரவு ஒன்பதரைக்குத் தேசிக்காய்த் தண்ணியோடு வந்து நிற்கிறார், நான் விழுங்கும் வரை போகமாட்டார்.

பாமசிக்காரி:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கோ. சிட்ரேட்டைச் சித்தியிடம் கேளுங்கோ, அடுத்த பார்சலில் கம்மிக்குப் பதில் அதை வைக்கட்டும், மெல்லுகிற வகையும் இருக்கிறது. வரும்வரை கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போடுங்கோ. மிஞ்சிய கம்மியை வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கோ, தோடம்பழ இனிப்பென்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள்.