“ஓடினது மனசா, காலா?”

தம்பிக்கு மனச்சிதைவு நோய். முதலில் ஹாலோபெரிடால் கொடுத்தார்கள். காதில் கேட்ட குரல்கள் சில வாரங்களில் அடங்கின. ஆனால் அவனால் உட்கார முடியவில்லை. தட்டைக் கையில் ஏந்தி நடந்தபடியே சாப்பிடுவான். ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் நடை. புது ஹவாய் செருப்பு ஒரே மாதத்தில் குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. நோய் முற்றிவிட்டதென்று நாங்கள் பயந்து போய்ச் சொல்ல, மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். நடை இன்னும் அதிகமானது. அப்புறம் ஒருநாள் மாத்திரையை நீட்டியதும் வாயை இறுக மூடிக்கொண்டான். அம்மா அழுதாள், நான் திட்டினேன். பலனில்லை.

பத்து நாள் கழித்து வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் எங்களை விட்டுவிட்டு அவனிடம் கேட்டார்: “நடந்துகிட்டே இருந்தீங்களாமே. ஓடினது மனசா, காலா?”

“காலுதான் சார். மனசு உட்காரச் சொல்லிக் கெஞ்சுச்சு.”

மருந்தால் வரும் இந்தத் தவிப்புக்கு அகதீசியா என்று பெயராம். பார்ப்பவர்களுக்கு நோய் கூடியது போலவே தெரியுமாம். ஓலன்சபினுக்கு மாற்றினார். ஒரு மாதத்தில் தரையில் சம்மணமிட்டு, ரசம் சாதம் முடியும்வரை எழுந்திருக்காமல் சாப்பிட்டான். அடம்பிடிக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். அது இன்னும் உறுத்துகிறது.

உங்கள் வீட்டில் எப்படி? சொல்லுங்கள்.

பதில் 1

உங்கள் தம்பியிடம் ஒருவர் கேட்டார். என்னிடம் வெகுநாள் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரிஸ்பெரிடோன் தொடங்கியபின் மாதவிலக்கு நின்றது. மூன்றாம் மாதம் மார்பில் பால் கசிந்தது. கல்யாணமாகாதவள் இதை யாரிடம் சொல்வது? அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் தினமும் மாத்திரையைக் கழிவறையில் போட்டேன். மறுபடி நோய் வந்து வார்டில் சேர்த்தபோதுதான் நர்ஸ் அக்கா ஒருவர் தனியே அழைத்து, “மாசாமாசம் சரியா வருதாம்மா?” என்றார். அந்த மருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டுமாம். இப்போது அரிப்பிபிரசோல். மூன்று வருடமாகத் தவறவிட்டதில்லை.

பதில் 2

நான் குளோசபின் சாப்பிடுகிறேன். தூக்கத்தில் எச்சில் வடிந்து தலையணை நனையும், மேலே துண்டு விரித்துக்கொள்வேன். வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்க முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. மலச்சிக்கலும் உண்டு. அதை மட்டும் யாரும் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள், இந்த மருந்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தனைக்கும் நான் நிறுத்தவில்லை. குரல்கள் போய்விட்டன என்பது ஒன்று. தொடங்கும் முன்பே டாக்டர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார் என்பது இன்னொன்று.

மறுபடி நான்

இரண்டு பேருக்கும் நன்றி. அமெரிக்காவில் ஏறக்குறைய 1,500 மனச்சிதைவு நோயாளிகளை வைத்து நடத்திய கேட்டி (CATIE) என்ற மருந்து ஆய்வு 2005-ல் வெளியானது. கொடுத்த மருந்தை 74 சதவீதம் பேர் 18 மாதத்துக்குள் விட்டுவிட்டார்கள். அத்தனை பேருமா அடம்பிடித்தார்கள்?

தம்பிக்கு இப்போது பசி அதிகம், எடையும் ஏறுகிறது, சர்க்கரை பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் பதில்களைப் படித்துக் காட்டினேன். அடுத்த முறை டாக்டரிடம் கேட்பதற்கு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அவனே எழுதி வைத்திருக்கிறான்: “தூக்கம் தெளிய பத்து மணி ஆகுது. வேலைக்கு ஒன்பதுக்குப் போகணும்.”