பள்ளிக்கூடம் தேடும் முன் அவனுடைய ஒரு நாளை எழுதிப் பார்த்தேன்

மகனுக்கு இப்போது 6 வயது. ஆட்டிசம் என்று உறுதியானது 3 வயதில். பேச்சு உண்டு, அவசரத்துக்கு மட்டும் வராது. பள்ளி தேடப் போனபோது நான் செய்த தப்பு, நுழைந்ததும் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தது. முதல் பக்கத்திலேயே முகம் மாறிவிடும். "சீட் முடிஞ்சுபோச்சும்மா" என்பார்கள். ஓரிடத்தில், "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று ஆரம்பித்தார்கள். அப்படி ஆரம்பிக்கிற எதுவும் நம் நல்லதுக்கு முடிந்ததில்லை. மூன்று பள்ளிகள் இப்படிப் போயின.

அப்புறம் எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குபவர்) ஒரு யோசனை சொன்னார். காலை 8 மணியிலிருந்து மதியம் 3 மணி வரை அவன் எங்கெங்கே தடுமாறுவான் என்று நேர வாரியாக எழுதச் சொன்னார். உட்கார்ந்து எழுதினேன். மணிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். பையின் ஜிப் பாதியில் சிக்கினால் அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது. பாத்ரூம் வந்தால் சொல்ல மாட்டான், வலது காலை இடது பாதத்தின் மேல் ஏற்றி வைத்து நிற்பான். தெரியாதவர்களுக்கு ஏதோ விளையாட்டு மாதிரி இருக்கும். எல்லாம் சேர்த்து ஒரே பக்கம். ரிப்போர்ட் 18 பக்கம், அதில் இந்தக் கால் சமாச்சாரம் ஒரு வரிகூட இல்லை.

நான்காவது பள்ளியில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் முதலில் கொடுத்தேன். தலைமையாசிரியை படித்துவிட்டு, "மணி அடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா போதுமா, இல்ல அந்தச் சத்தமே ஆகாதா?" என்று கேட்டார். அங்கேயே சேர்த்துவிட்டேன். சிறப்புக் கல்வி ஆசிரியர் இருக்கிறாரா என்பதையே அப்புறம்தான் விசாரித்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார்.

அவனுக்கான தனிக் கல்வித் திட்டம் போட்டபோது முதல் வரைவில் "கவனத்தை மேம்படுத்துதல், சமூகத் திறன்களை வளர்த்தல்" என்று இருந்தது. இது என் வீட்டுக்காரருக்கும் பொருந்தும். மாற்றி எழுதச் சொன்னேன்: பாத்ரூம் படம் போட்ட அட்டையைத் தானே எடுத்து டீச்சரிடம் நீட்டுவான், 5 நாளில் 4 நாள், 6 வாரத்துக்குள். இப்படி எழுதினால்தான் நடந்ததா இல்லையா என்று தெரியும். அட்டை கொடுத்தால் பேச்சே நின்றுவிடும் என்று மாமியார் பயந்தார். படம் கொடுத்துக் கேட்கிற முறை 1985-லேயே வந்துவிட்டது, அதனால் பேச்சு தடைபடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்று ஸ்பீச் தெரபிஸ்ட் பொறுமையாக விளக்கினார். இப்போது அட்டையை நீட்டும்போதே சில நாள் "போணும்" என்கிறான்.

ஒரு விஷயத்தில் ஏமாந்தேன். கூடவே உட்கார ஷேடோ டீச்சர் வைத்தோம். இரண்டு மாதத்தில் வகுப்பாசிரியை அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். "அவன நோட்டு எடுக்கச் சொல்லுங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொல்வார், இவன் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பான். அடுத்த பருவத்தில் ஷேடோ டீச்சரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினோம்.

உங்கள் வீட்டுக் கதைகளையும் சொல்லுங்கள்.

—

சகோதரி, அந்த ஒரு பக்க யோசனையை எடுத்துக்கொள்கிறேன். என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், 8 வயது. "சொன்ன பேச்சு கேக்கறதில்ல, பிடிவாதம்" என்று டைரியில் எழுதி எழுதி அனுப்பினார்கள். நானும் வீட்டில் அதட்டினேன், இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. காது டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருமாம், ஒரு மாதம் நன்றாகக் கேட்கும், அடுத்த மாதம் மந்தமாகிவிடும். அவள் இடம் கடைசி வரிசை, ஃபேனுக்கு நேர் கீழே. முன்வரிசைக்கு மாற்றி, சொல்வதைப் படமாகவும் காட்டத் தொடங்கியதும் பிடிவாதம் பாதி காணாமல் போய்விட்டது.

இன்னொன்று, பிடி பீரியடில் குட்டிக்கரணம் போடவிடும் முன் டாக்டரிடம் கழுத்தைப் பற்றிக் கேளுங்கள். இந்தப் பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேல்பகுதி எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்வாக இருக்கும். கையும் காலும் பலம் குறைகிற மாதிரியோ, நடை மாறுகிற மாதிரியோ தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது.

—

அக்கா, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். எல்லோரும் பொதுப் பள்ளி, பொதுப் பள்ளி என்கிறோம். எங்கள் பெண்ணுக்குக் காது கேட்காது. மூன்று வருடம் பொதுப் பள்ளியில் படித்தாள், எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் ஒருத்தருக்கும் சைகை தெரியாது. ஒருநாள் இடைவேளையில் போய்ப் பார்த்தேன். வட்டமாக உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள், இவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தாள்.

அந்த வருடமே காது கேளாதோர் பள்ளிக்கு மாற்றினோம். "பின்னாடி தள்ளிட்டீங்களே" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். 1880-இல் இத்தாலியின் மிலானில், காது கேளாதோர் கல்விக்கான உலக மாநாட்டில் கூடிய ஆசிரியர்கள், பள்ளிகளில் சைகையை விட வாய்ப்பேச்சு முறைதான் மேல் என்று தீர்மானம் போட்டார்கள். அதே மாநாட்டு வரிசையில் 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய மாநாடுதான் அந்தத் தீர்மானத்தை நிராகரித்தது. நடுவில் 130 வருடம்! ஐ.நா.வின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் கல்வியைப் பற்றிய 24-ஆம் பிரிவே சைகை மொழி கற்க வசதி செய்யச் சொல்கிறது. எல்லோரோடும் உட்காரவைப்பதோடு வேலை முடிந்துவிடாது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். இப்போது வீட்டுக்கு வந்ததும் தோழிகள் சொன்ன வம்பையெல்லாம் கையாலேயே கொட்டுகிறாள். பாதி எனக்குப் புரியவில்லை, வகுப்புக்குப் போய்ச் சைகை கற்றுக்கொண்டிருக்கிறேன்.

—

கோபமா? உங்கள் பெண் கடைசியில் சிரித்ததைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் ஓடவில்லை எனக்கு. நான் எழுதிய அந்த ஒரு பக்கத்தில் இடைவேளை என்ற வரியே இல்லை. மணி, ஜிப், பாத்ரூம் எல்லாம் எழுதினேன், அந்த 20 நிமிடம் அவன் யாரோடு இருக்கிறான் என்று யோசிக்கவே இல்லை. நாளைக்கு அரை நாள் லீவு போட்டு, அந்த நேரத்தில் போய் நிற்கப்போகிறேன். காதில் நீர் கோத்ததைப் பற்றி எழுதிய அண்ணா, காது பரிசோதனைக்கும் இவனுக்கு நாள் கேட்டிருக்கிறேன். ஹெட்போன் மாட்டவே விடமாட்டான், உங்கள் பெண்ணை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?