கலைச்சொல் தேவை: ரம்பம் போலக் கேட்கும் கிட்டார் ஒலி

க.வி. எழுதியது:

குழுவினர்க்கு வணக்கம்.

என்டூம்ட் என்ற ஸ்வீடன் டெத் மெட்டல் (உறுமும் குரலும் கனத்த கிட்டாரும் கொண்ட கடும் ராக் இசை) குழுவின் முதல் ஆல்பம் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்'. 1989 டிசம்பரில் ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் தாமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் பதிவு செய்தார். 1990இல் இங்கிலாந்தின் இயர்ஏக் நிறுவனம் வெளியிட்டது. அதைப் பற்றிய நீண்ட ரசனைக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளி மாலைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

கட்டுரையின் உயிர்நாடியே அந்த ஆல்பத்தின் கிட்டார் ஒலிதான். ஆங்கிலத்தில் அதற்கு 'செயின்சா டோன்' (சங்கிலி ரம்ப ஒலி) என்று பெயர் நிலைத்துவிட்டது. இருபது தடவைக்கு மேல் வருகிறது. 'ரம்ப ஒலி' என்று எழுதிப் பார்த்தேன். "இந்த ஆல்பத்தின் பெருமையே அதன் ரம்பம்தான்" என்றொரு வாக்கியம் வந்து நின்றது. படிப்பவர் ஆல்பம் சலிப்பூட்டுவது என்றுதான் எடுத்துக்கொள்வார். 'அறுவை ஒலி'க்கும் அதே கதிதான். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

இன்னொன்று: ஆல்பத்தின் பெயரை மொழிபெயர்ப்பதா, அப்படியே விடுவதா?

---

இரா.தெ. எழுதியது:

அன்புடையீர்,

'ரம்பம்' என்பதை முதலில் விலக்குவோம். ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. 'இரம்பம்' என்று எழுதினாலும் வந்த பொருட்குற்றம் போகாது.

சங்க இலக்கியத்தில் நமக்கு ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. அகநானூறு 24ஆம் பாட்டு நினைவிருக்கும்: "வேளாப் பார்ப்பான் வாளரம் துமித்த வளை". சங்கை அறுத்து வளையலாக்கும் கூரிய கருவி வாளரம். ஈராயிரம் ஆண்டுப் பழைய சொல், பொருளும் துல்லியம். அதனுடன் 'ஒலி'யைச் சேர்த்தால் வாளரவொலி. மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒத்து, வகர உடம்படுமெய் பெற்றது.

பெயரைப் பொறுத்தவரை ஐயமே வேண்டாம். 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' என்றால் இடக்கைப் பாதை. மேற்கே இந்த வழக்கு 19ஆம் நூற்றாண்டுத் தியசாபிகல் (பிரம்மஞான சபை) எழுத்துகள் வழியாகப் பரவியது. அவர்கள் எடுத்தது நம் நாட்டுத் தாந்திரிக மரபின் வாமாசாரம் (இடப்புற நெறி) என்ற சொல்லை. ஆகவே 'வாமநெறி' என்றால் கடன் கொடுத்த வீட்டுக்கே பொருள் திரும்பி வந்ததாகும். திருமூலரும் கள்ளுண்ணாமைப் பகுதியில் 'வாமத்தோர்' என்றே சொல்கிறார்.

---

செ.அ. எழுதியது:

> ஆகவே 'வாமநெறி' என்றால் கடன் கொடுத்த வீட்டுக்கே பொருள் திரும்பி வந்ததாகும்.

ஐயா, கடைக்குப் போய் 'வாமநெறி' என்று கேட்டால் யாரும் அந்த ஆல்பத்தை எடுத்துத் தரமாட்டார்கள். ஆல்பத்தின் பெயர் ஒரு முகவரி. அதை ஒலிபெயர்த்துவிட்டு, பொருளை ஒரு வாக்கியத்தில் விளக்கலாம். 'இடங்கை வழி' என்று மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம். வலங்கை, இடங்கை என்பவை சோழர் கல்வெட்டுகளிலேயே வரும் பிரிவுகள். 18ஆம் நூற்றாண்டுச் சென்னையில்கூட அவற்றுக்கிடையே மோதல் நடந்தது. ஸ்டாக்ஹோம் இளைஞர்களின் பாட்டுக்கு நாம் சாதி வரலாற்றைச் சூட்ட வேண்டாம்.

வாளரவொலி: வகுப்பில் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் வாள் + அரவு + ஒலி என்று பிரிப்பார்கள். பாம்பு வந்து சேரும். இலக்கணப்படி சரியான சொல்லே தவறான பொருளைத் தருகிறது. 'சங்கிலி ரம்ப ஒலி' என்று நீட்டி எழுதினால் சலிப்பு என்ற பொருள் வராதே. எல்லாருக்கும் புரியும்.

---

பூ.ம. எழுதியது:

சொல்லைத் தேடும் முன் அந்த ஒலி எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடலாம். எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதே இந்த இழையில் இன்னும் தெளிவாகவில்லை.

கருவி பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 பெடல், அதாவது கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஒலிபெருக்கிக்கும்) இடையில் செருகி ஒலியை மாற்றும் மிதிபெட்டி. 1983இல் வந்தது, 1991இல் நின்றது. கறுப்புப் பெட்டி, நான்கு குமிழ்கள்: லெவல், கலர் மிக்ஸ் லோ, கலர் மிக்ஸ் ஹை, டிஸ்டார்ஷன் (திரிபு). அந்தக் கால ஹெவி மெட்டலின் பெரிய ஆம்ப் ஒலியைச் சின்ன ஆம்பில் கொண்டுவருவதற்காகச் செய்தது. ஸ்டாக்ஹோம்காரர்கள் நான்கு குமிழையும் வலக்கோடிக்குத் திருகினார்கள். செய்தவர்கள் எண்ணியே பார்த்திராத ஒலி பிறந்தது.

அப்போது நடப்பது இது. கலர் மிக்ஸ் ஹை குமிழ் சுமார் 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையை மலைபோல் தூக்குகிறது. லோ குமிழ் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு மேட்டை எழுப்புகிறது. கிட்டாரை வழக்கமான ஈ சுருதியிலிருந்து ஐந்து அரைச்சுரம் இறக்கி பி-யில் கட்டினால் அடித்தந்தியின் அதிர்வெண் 61.7 ஹெர்ட்ஸ். 1000 ஹெர்ட்ஸ் என்பது அதன் 16 மடங்கை ஒட்டி விழுகிறது. அந்த உயரத்தில் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் அதன் மடங்குகள்) ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக நிற்கும். நெருங்கி நிற்பவற்றை எல்லாம் ஒருசேர உயர்த்தி, திரிபும் ஏற்றினால் அவை ஒன்றோடொன்று உரசும். காதில் விழும் கரகரப்பு அந்த உரசல்தான். அடியில் தடிமனும் மேலே பல்லும் இருக்க, இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி ஒப்பளவில் பள்ளமாகிவிடும்.

இப்போது ஐயாவின் வாளரத்துக்கு வருகிறேன். சங்கறுக்கும் வாளரம் கையால் இழுப்பது. முன்னும் பின்னும் போகும், ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். சங்கிலி ரம்பத்தில் நாம் கேட்பதோ பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் சத்தம். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று என்றால் சுமார் 167 ஹெர்ட்ஸ். அது விடாமல் இரைவது. கைக்கருவியின் பெயர் இதற்குப் பொருந்துமா?

---

சி.நா. எழுதியது:

வணக்கம். எங்கட பக்கம், யாழ்ப்பாணத்தில, தச்சர் 'வாள்' எண்டுதான் சொல்லுவினம். மரத்தை அறுக்கிறேல்ல, அரியிறது. மரம் அரியிற ஆலை எண்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆகவே 'வாளொலி' எண்டால் எங்களுக்குப் போதும். தமிழ்நாட்டு வாசகருக்கு அது போர்வாளாய்த் தெரியும் எண்டதும் விளங்குது.

'டோன்' எண்டதுக்கு ஒரு குறிப்பு. எங்கட பௌதிகவியல் புத்தகத்தில சுருதி, உரப்பு, பண்பு எண்டு மூண்டு இயல்பு படிச்சனாங்கள். கிட்டாரின்ர சுருதியும் உரப்பும் மாறாமல் இருக்க, பெடல் மாத்திறது பண்பைத்தான். 'வாளரப்பண்பு' எண்டால் பாம்புச் சிக்கலும் வராது.

---

இரா.தெ. எழுதியது:

> கைக்கருவியின் பெயர் இதற்குப் பொருந்துமா?

பொருந்தும். அம்மையார் தந்த விளக்கமே என் சான்று. "மேற்சுரங்கள் ஒன்றோடொன்று உரசும்" என்றீர்கள். உரசுதல்தான் அரத்தின் தொழில். "அரம்பொருத பொன்போலத் தேயும்" என்ற குறள் அந்தத் தொழிலைத்தான் உவமையாக்கியது. அரம், அராவு, அரை ஆகிய மூன்றும் ஒரே வேரினவாக எனக்குத் தோன்றுகின்றன. தேய்த்தல், உராய்தல், நொறுக்குதல். 'அரவம்' என்றால் ஓசை. அதுவும் இந்த வேரில் கிளைத்ததாகலாம். பாம்பை அரவு என்றதும் தரையில் உராய்ந்து ஊர்வதால் இருக்கலாம். அப்படியானால் சகோதரர் அஞ்சும் பாம்பு அயலான் அல்லன், அதே குடும்பத்தவன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அறுத்தலின் வல்லின றகரம் வேறு, அரத்தின் இடையின ரகரம் வேறு. வெட்டித் துண்டாக்குவது அறுத்தல். பல்லால் தேய்த்துத் தேய்த்து உள்ளே போவது அரம். நீங்கள் வருணிக்கும் ஒலி துண்டாக்கவில்லை, தேய்க்கிறது. ஆகவே இங்கே ரகரமே பொருத்தம்.

---

செ.அ. எழுதியது:

பாம்பின் வேர்ச்சொல் வெள்ளிக்கிழமைக்குள் முடிவாகாது. அரவுக்கும் அரத்துக்கும் உறவு என்பது கேட்க இனிமையாக இருக்கிறது, சான்று கேட்டால் நிற்காது. ஓசை ஒப்புமையை வைத்து வேர் கட்டினால் அரசனையும் அரம்தான் செய்தது என்று சொல்லிவிடலாம்.

சி.நா.வின் 'பண்பு' இயற்பியலுக்குச் சரி. ரசனைக் கட்டுரையில் "வாளரப்பண்பு மிக்க இசை" என்று வந்தால் ஒழுக்கம் பேசுவது போல ஆகும். 'தொனி' போடலாமே? வாளரத்தொனி. ஒற்று இயல்பாக மிகும், பாம்பும் இல்லை.

---

இரா.தெ. எழுதியது:

தொனி, த்வனியின் தற்பவம். வாளரம் என்று சங்கத்தமிழில் தொடங்கி வடசொல்லில் முடிப்பானேன்? அத்துச்சாரியை கொடுத்து 'வாளரத்தொலி' எனலாம். மரத்திலை, குளத்துமீன் போல.

---

பூ.ம. எழுதியது:

வாளரத்தொலி என்பதை உரக்கப் படித்துப் பாருங்கள். 'தொலி' தனியாகக் காதில் விழுகிறது. தொலியை உரிப்பது போல. பொருத்தம் என்று சிலர் சொல்லலாம், எனக்கு வேண்டாம்.

'உறுமி' நினைவுக்கு வந்தது. உறுமி மேளத்தில் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கும்போது எழும் ஒலியும் உரசலில் பிறப்பதுதான், விடாமல் நீள்வதுதான். ஆனால் அந்தச் சொல்லைக் குரலுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். இந்த ஆல்பத்தில் எல்.ஜி. பெட்ரோவ் பாடும் முறைக்கு 'உறுமல்' தவிர வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை. கிட்டாருக்கும் அதையே கொடுத்துவிட்டால் இரண்டும் குழம்பும். தொண்டையில் பொய்க்குரல்நாண்கள் அதிர்ந்து வருவது உறுமல். மின்சுற்றில் அலை வெட்டுப்பட்டு வருவது இது. ஆல்பத்திலும் இரண்டும் தனித்தனி இடத்தில்தான் இருக்கின்றன.

க.வி.க்கு: அந்தக் கட்டுரையில் "இந்த ஒலியை வீட்டில் பெறுவது எப்படி" என்று ஒரு பெட்டிச்செய்தி இருந்தால் கீழே உள்ளதைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். பெடலில் திரிபு முழுதாக இருக்கும்போது ஆம்பிலும் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றினால் பல் மழுங்கிக் கூழாகும். ஆம்ப் தெளிவான சேனலில் இருக்கட்டும், கெயின் குறைவாக இருக்கட்டும். வழக்கமான மெல்லிய தந்திகளை பி-க்கு இறக்கினால் தொளதொளவென்று ஆகி, ஓங்கி அடித்ததும் சுருதி மேலே போய்த் திரும்பும். அடித்தந்தி குறைந்தது 0.056 அங்குலமாவது வேண்டும். வாசிப்பை நிறுத்தியதும் பெடல் இரைந்துகொண்டே இருக்கும். பெடலுக்குப் பின்னால் நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் கருவி) வைத்தால் அது அடங்கும். அந்தக் கேட்டை மிக இறுக்கினால் நீளும் ஒலியின் வால் வெட்டுப்படும். பழைய ஜப்பான் பெடல்களில் சிலவற்றில் அடாப்டர் துளையருகே 'ஏசிஏ' என்று அச்சிட்டிருக்கும். அவற்றுக்கு இன்றைய சீரான 9 வோல்ட் அடாப்டரைத் தனியாகக் கொடுத்தால் மின்னழுத்தம் போதாமல் ஒலி மெலியும். 9 வோல்ட் பேட்டரி போட்டால் அந்தத் தொல்லை இல்லை. 2020இல் பாஸ் மீண்டும் வெளியிட்ட எச்எம்-2டபிள்யூ பெடலில் இந்தக் கவலையே வேண்டாம்.

---

செ.அ. எழுதியது:

இந்தக் குறிப்பு நம் விவாதத்துக்கும் உதவுகிறது. இதே காலத்தில் ஃப்ளோரிடாவின் மாரிசவுண்ட் ஸ்டுடியோவிலிருந்து வந்த ஆல்பங்களில் கிட்டார் இறுக்கமாக, ஒவ்வொரு அடியும் பிரிந்து கேட்கும். மார்பிட் ஏஞ்சல் குழுவின் 1989ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அங்கே கிட்டாருக்கு ஒரு விளிம்பு இருக்கும். ஸ்டாக்ஹோமில் விளிம்பே கிடையாது, ஒரே பரப்புத்தான். என்டூம்ட் குழுவின் நிக்கே ஆண்டர்சனின் டிரம்மிலும் டிஸ்சார்ஜ் என்ற இங்கிலாந்துக் குழுவிடமிருந்து வந்த பங்க் தாளம் அதிகம். முதல் பாட்டின் பிற்பாதியில் வேகம் இறங்கி, 1979ஆம் ஆண்டுத் திகில் படமான ஃபேண்டஸத்தின் இசையை ஒட்டிய மெட்டு வரும்போது அந்தப் பரப்பின் அழகு முழுதாகத் தெரியும். கிட்டார் அங்கே வெட்டுவதில்லை. மெதுவாக நகரும் மெட்டின் அடியில் விரிந்து கிடக்கிறது. அந்த இடத்தைக் கேட்ட பிறகு ஐயாவின் ரகர வாதத்தை ஏற்கிறேன். அறுத்தல் இல்லை, அராவுதல்.

ஆனால் புணர்த்தி எழுத வேண்டாம். 'வாளர ஒலி' என்று இரண்டு சொல்லாகவே இருக்கட்டும்.

---

சி.நா. எழுதியது:

வாளர ஒலிக்கு நானும் சம்மதம். முதல் தடவை வரேக்க ஒரு வரி விளக்கம் போடுங்கோ.

---

பூ.ம. எழுதியது:

எஞ்சின் பற்றிய என் குறை தீரவில்லை. 'இரைவாள்' என்று ஒன்று மனதில் ஓடுகிறது, இரைந்துகொண்டே அரியும் வாள். ஆனால் நேரமில்லை. வாளர ஒலி போகட்டும்.

---

க.வி. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முதல் வருகையில் இப்படி எழுதியிருக்கிறேன்: "சங்கிலி ரம்பம் மரத்தில் ஏறும்போது எழும் இரைச்சலை ஒத்த இந்தக் கிட்டார் ஒலியை இனி வாளர ஒலி என்போம்." அதன்பின் எல்லா இடத்திலும் வாளர ஒலி. குரலுக்கு உறுமல். ஆல்பத்தின் பெயர் ஒலிபெயர்ப்பாகவே இருக்கிறது, வாமாசாரத் தொடர்பு ஒரு வாக்கியத்தில் வருகிறது. டிரம்மின் அதிவேக அடியான 'பிளாஸ்ட் பீட்' இன்னும் தீராமல் நிற்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அச்சுப்படி இணைப்பில்.

---

இரா.தெ. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆயினும் என் மாறுபாட்டைப் பதிவு செய்ய வேண்டும். நிலைமொழியின் மகரத்தைக் கெடுத்துவிட்டு வருமொழியோடு சேர்க்காமல் நிறுத்துவது அரைப்புணர்ச்சி. ஒன்று 'வாளரம் ஒலி' என்று பிரித்தெழுத வேண்டும், அன்றேல் 'வாளரவொலி' என்று முடிக்க வேண்டும். பிள்ளைகள் தவறாகப் பிரிப்பார்கள் என்பதற்காகச் சொல்லை நடுவழியில் நிறுத்துவதைவிட, பிரிக்கக் கற்றுக்கொடுப்பது நல்லது. அடுத்த பதிப்பில் இதை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்.

---

பூ.ம. எழுதியது:

அச்சுப்படி பார்த்தேன். பெட்டிச்செய்தியின் மூன்றாம் வரியில் "குமிழ்களை நடுவில் வைத்து" என்று விழுந்திருக்கிறது. நடுவில் வைத்தால் இந்த ஒலி வராது. வலக்கோடி என்று திருத்துங்கள். நான்கு குமிழும்.