கோல்ஃப் 7 ஆர்: 25 மி.மீ. இறக்கினேன், டிசிசி பிழை காட்டுகிறது, விளக்கும் தரையைப் பார்க்கிறது

டோர்ட்முண்ட் ஆர்

வணக்கம். கார் 2015 கோல்ஃப் 7 ஆர், 300 குதிரைத்திறன், செனான் விளக்கு, 235/35 ஆர்19 டயர். டிசிசி (டாம்பர், அதாவது ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை மின்சாரத்தால் மாற்றும் அமைப்பு) கம்பெனியிலிருந்தே வந்தது. போன சனிக்கிழமை தெரிந்தவர் ஒருவரின் கராஜில் நான்கு ஸ்பிரிங்கையும் மாற்றி 25 மி.மீ. இறக்கினோம். டாம்பர் பழையதுதான்.

கராஜை விட்டு இருநூறு மீட்டர் போயிருக்க மாட்டேன், டாம்பர் கட்டுப்பாட்டில் பிழை என்று எழுத்து வந்துவிட்டது. கம்ஃபோர்ட் முறையில் விட்டாலும் ரேஸ் முறையில் விட்டாலும் ஒரே மாதிரித்தான் ஓடுகிறது. ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்பினால் முன் வலப்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். இதையெல்லாம் விடுங்கள், ஞாயிறு ஹம் நகர அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு இரவு ஏ2 நெடுஞ்சாலையில் திரும்பும்போதுதான் பயந்துபோனேன். முன்னால் பதினைந்து மீட்டருக்கு வெளிச்சம், அதற்கப்பால் கறுப்பு. லாரிகளுக்குப் பின்னால் 80-இல் ஊர்ந்து வந்து சேர்ந்தேன்.

கராஜ்காரர் "டாம்பர் நான்கும் போயிருக்கும், மாற்றத்தான் வேண்டும்" என்கிறார். டிசிசி டாம்பரின் விலையைப் பார்த்தேன், தூக்கம் போய்விட்டது. யாருக்காவது அனுபவம் உண்டா?

சில்லுக்காரன்

நீங்கள் ஏன் ஸ்பிரிங்கில் கை வைத்தீர்கள்? என் ஆடியில் உயர சென்சாரை ஆட்டும் லிங்க் கம்பியை மட்டும் வேறு நீளத்தில் போட்டேன், கார் தானே இறங்கியது. அரை மணி நேர வேலை. பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுவிட்டு அதைச் செய்யுங்கள்.

பழைய மெக்கானிக்

சில்லுக்காரன், உங்கள் ஆடியில் இருப்பது காற்று சஸ்பென்ஷன். அங்கே உயரத்தைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர். சென்சாரை ஏமாற்றினால் காற்றை வெளியேற்றும், கார் இறங்கும். கோல்ஃபில் இருப்பது இரும்பு ஸ்பிரிங். அதில் டிசிசிக்கு காரைத் தூக்கவும் தெரியாது, இறக்கவும் தெரியாது. டாம்பருக்குள் எண்ணெய் போகும் வழியை மின்சார வால்வால் இறுக்குவதும் தளர்த்துவதும்தான் அதன் வேலை. லிங்க்கை மாற்றினால் கார் ஒரு மி.மீ. கூட அசையாது, கம்ப்யூட்டருக்குத் தலை சுற்றும், அவ்வளவுதான். இரண்டையும் போட்டுக் குழப்பி ஆள் ஆளுக்குச் சொல்வதால்தான் இப்படிக் காசு கரைகிறது.

தம்பி, டாம்பரை மாற்றாதே. சனிக்கிழமை காலை வரை வேலை செய்த நான்கு டாம்பரும் மாலையில் ஒரேயடியாகச் சாகாது. நீ எழுதியதில் எனக்குப் பிடித்த தடயம் விளக்குதான். பின்னால் பாரம் ஏற்றினால் காரின் மூக்கு தூக்கும், எதிரே வருபவனின் கண் கூசாமல் இருக்க செனான் தானாகத் தலையைக் குனியும். உன் பின்பெட்டியில் பாரம் இல்லை, ஆனால் பின்பக்க உயர சென்சார் நாலு மூட்டை அரிசி ஏற்றியிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது போல. அதே சென்சாரைத்தான் டிசிசியும் கேட்கிறது. இந்தக் காரில் அது மூன்று இடத்தில் இருக்கும்: முன் இடது, முன் வலது, பின் இடது.

விசிடிஎஸ் (காரின் கம்ப்யூட்டர்களிலிருந்து பிழையைப் படிக்கும் கருவி) இருக்கிறவர் யாரையாவது பிடி. அதில் 14-ஆம் முகவரி டாம்பர் கம்ப்யூட்டர், 55 விளக்குக் கம்ப்யூட்டர். இரண்டிலும் என்ன பிழை என்று எழுது. அப்புறம் மூன்று சென்சாரின் நேரடி எண்ணையும் திரையில் வைத்துக்கொண்டு காரை மூலைக்கு மூலை அமுக்கிப் பார். எண் ஆட வேண்டும்.

நெக்கார் காற்று

என் யோசனை வேறு. டிசிசியையே கழற்றிவிட்டு நல்ல காயில்ஓவர் (உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டாம்பர் தொகுதி) போடுங்கள். பிழை எழுத்து வராமல் இருக்க, கழற்றிய டாம்பருக்குப் பதிலாக வயரில் செருகுகிற ஏமாற்றுப் பெட்டி விற்கிறார்கள். உயரமும் உங்கள் கையில். வாங்கும்போது முன் ஸ்ட்ரட்டை (டாம்பர் தூணை) பிடிக்கும் பிடி 50 மி.மீ.யா 55 மி.மீ.யா என்று அளந்துவிட்டு வாங்குங்கள், கோல்ஃப் 7-இல் இரண்டும் உண்டு.

பழைய மெக்கானிக்

பந்தயத் தடத்துக்குப் போகிறவருக்குச் சரி. இவர் கோயிலுக்குப் போகிறார். அந்தப் பெட்டி டாம்பர் வயருக்குத்தான் பதில் சொல்லும். உயர சென்சார் கெட்டிருந்தால் காயில்ஓவர் போட்ட பிறகும் விளக்கு தரையைத்தான் பார்க்கும்.

டோர்ட்முண்ட் ஆர்

அண்ணை, வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்! நண்பனின் விசிடிஎஸ்ஸைப் பூட்டிப் பார்த்தோம். 14-இல் பின் இடது உயர சென்சார், நம்ப முடியாத மதிப்பு என்று இருக்கிறது. 55-இலும் அதே சென்சார்தான். டாம்பர் வால்வு பற்றி ஒரு பிழைகூட இல்லை. முன்பக்கம் இரண்டும் அமுக்க அமுக்க ஆடுகின்றன. பின்பக்கம் மூன்று பேர் பெட்டி விளிம்பில் உட்கார்ந்து குதித்தோம், எண் கல்லு மாதிரி நிற்கிறது.

பழைய மெக்கானிக்

அப்படியானால் காரைத் தூக்கி, பின் இடது சில்லைக் கழற்று. ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் கீழ்க்கையிலிருந்து (சில்லைப் பிடிக்கும் இரும்புக் கை) சப்ஃபிரேமுக்கு (அந்தக் கைகளைத் தாங்கும் சட்டம்) ஒரு சின்னக் கம்பி போகும், விரல் தடிமன்கூட இராது, இரு முனையிலும் பந்து மூட்டு. அதன் மேல்முனையில் சென்சாரின் கறுப்பு பிளாஸ்டிக் நெம்புகோல். அது எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று பார்.

பின் ஸ்பிரிங்கை வெளியே எடுக்க அந்தக் கீழ்க்கையை முழுவதும் தொங்கவிட வேண்டும். அதற்கு முன் கம்பியைக் கழற்ற மறந்தால் கை கீழே போகும்போது நெம்புகோலையும் இழுத்துக்கொண்டு போகும். ஓர் எல்லைக்கு மேல் அது மறுபக்கம் புரண்டுவிடும். கையைத் தூக்கிப் பூட்டினாலும் திரும்பாது. எங்கள் கராஜில் மாதத்துக்கு ஒன்றாவது இப்படி வரும்.

டோர்ட்முண்ட் ஆர்

புரண்டேதான் இருந்தது! முழங்கை மறுபக்கம் மடங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. கம்பியும் லேசாக வளைந்திருக்கிறது. சென்சாரைக் கையால் சரியான பக்கம் திருப்பியதும் எண் ஆடத் தொடங்கியது. புதுக் கம்பி வாங்கிப் போட்டுவிட்டேன், நான்கு டாம்பரின் விலைக்கு முன்னால் அது ஒரு விலையே இல்லை. முன்பக்க 'டக்'கும் கிடைத்தது: வலது ஸ்பிரிங்கின் கீழ்நுனி தட்டின் பள்ளத்தில் உட்காராமல் ஒரு விரல் தள்ளி நின்றது.

ஆனால் எழுத்து இன்னும் போகவில்லை. அழித்தால் திரும்ப வருகிறது.

பழைய மெக்கானிக்

வரும். 25 மி.மீ. இறங்கியது உனக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது? பழைய உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு, கார் எந்நேரமும் அமுங்கியே கிடப்பதாக நினைக்கிறது. உயரத்தை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் தொங்கும்போதே முழுக்க இறுக்கியிருந்தால் எல்லாவற்றையும் தளர்த்து. காரை அதன் சொந்த எடையில் நிற்க வைத்து இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கிய ரப்பர் முறுகியே நிற்கும், காரை ஒன்றிரண்டு மி.மீ. தூக்கிப் பிடிக்கும், சீக்கிரம் கிழியும். நீ அளக்கிற உயரமும் பொய்யாகும். கோணம் சொல்லி இறுக்குகிற போல்ட்டுகள் ஒருமுறைக்குத்தான், புதிதாகப் போடு.

பிறகு சமதரை, வெறும் கார், கதவுகள் சாத்தியபடி, டயர் காற்று சரியாக. ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்தும் மேலே மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுது. தரையிலிருந்து அளக்காதே, டயர் தேய்மானமும் கணக்கில் வந்துவிடும். அந்த நான்கு எண்ணையும் 14-இன் அடிப்படை அமைப்பில் கொடு. அது ஏற்றுக்கொண்ட பிறகு 55-இல் விளக்கின் அடிப்படை அமைப்பு, விளக்கு அளக்கும் பெட்டியை முன்னால் வைத்துத்தான். கேம்பர், டோ (சில்லுகளின் சாய்வு, திசைக் கோணம்) அளவை இதற்கு முன்பே முடித்துவிடு.

ட்யூஃப் (வண்டிச் சோதனை நிலையம்) போனாயா?

டோர்ட்முண்ட் ஆர்

இன்னும் இல்லை அண்ணை. ஸ்பிரிங் பெட்டியில் டைல்குட்டாஹ்டன் (அந்தப் பாகத்துக்கான சோதனைச் சான்று) காகிதம் இருக்கிறது, அது போதும்தானே?

பழைய மெக்கானிக்

போதாது. அந்தக் காகிதத்தோடு காரையும் கொண்டுபோய்க் காட்டி, பொருத்தியது சரி என்று எழுதி வாங்க வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் வண்டியின் அனுமதியே போய்விடும். காகிதத்தில் உன் மாடலும் டிசிசியும் இருக்கிறதா என்று வரி வரியாகப் பார். ஆர் சாதாரண கோல்ஃபைவிட ஏற்கெனவே 20 மி.மீ. பதிந்துதான் வருகிறது, எந்த உயரத்திலிருந்து இந்த 25 என்பதும் அதில் இருக்கும். அங்கே ஒரு சில்லை மேடையில் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்ப்பார்கள்.

சில்லுக்காரன்

நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். என் ஆடிக் கம்பியைப் பற்றி இனி வாய் திறக்க மாட்டேன்.

டோர்ட்முண்ட் ஆர்

முடிந்தது. புஷ் எல்லாம் தளர்த்தித் திரும்ப இறுக்கினோம், பின்பக்கம் 2 மி.மீ. இறங்கியது, அண்ணை சொன்னபடியே. சில்லின் நடுவிலிருந்து விளிம்பு வரை முன் 338, 337 மி.மீ.; பின் 341, 340 மி.மீ. 14 முதல் தடவையே ஏற்றுக்கொண்டது. பிழை இல்லை. கம்ஃபோர்ட்டில் எங்கள் தெருவின் கல் பாவிய துண்டு பழையபடி மெத்தை, ரேசில் போட்டால் மனைவி திட்டுகிறாள். விளக்கு நேற்றிரவு ஏ2-இல் சாலைப் பலகைகளைத் தொட்டது.

ட்யூஃப் நேரம் வியாழன் எட்டரை. காகிதத்தில் டிசிசி என்று தனி வரியே இருக்கிறது, பார்த்துவிட்டேன்.