புதுப்பிப்பு: குடும்பத்தோடு மறுபடியும் 'லே மிசரபிள்' பார்த்துவிட்டோம்

விக்டர் ஹூகோவின் நாவலை வைத்து லண்டனில் நடக்கும் இந்த இசை நாடகத்தில் சுழல்மேடையை எடுத்துவிட்டார்களாமே, இப்போது குடும்பத்தை அழைத்துப்போனால் அதே உணர்வு கிடைக்குமா என்று இங்கே கேட்டிருந்தேன். போய்வந்தாயிற்று. தயங்காமல் போங்கள்.

நான் முதலில் பார்த்தபோது அந்த லண்டன் அரங்கின் பெயர் குயின்ஸ் தியேட்டர். 2019 புதுப்பிப்புக்குப் பிறகு சொண்ட்ஹைம் தியேட்டர். பழைய அமைப்பில் கிளர்ச்சி செய்யும் மாணவர்கள் தெருவில் எழுப்பிய தடுப்பரண் மெல்லச் சுழலும், மறுபக்கத்தில் மாணவர் தலைவன் அன்ஜோல்ரா இறந்துகிடப்பான். அந்தச் சுழற்சிக்காகவே நான் ஏங்கினேன். இப்போது உடலை வண்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். அந்த ஒரு இடத்தில் பழையதுதான் எனக்கு உயர்வு, இன்றும் சொல்வேன். ஆனால் விக்டர் ஹூகோ வரைந்த ஓவியங்களைத் தழுவிய காட்சிகள் பின்திரையில் நகர, கதாநாயகன் வால்ஜான், காயம்பட்ட மாணவன் மாரியுஸைத் தூக்கிக்கொண்டு சாக்கடைச் சுரங்கத்தில் நடக்கும் இடம் முன்பைவிடப் பல மடங்கு கனம்.

அப்பாவுக்கு ஆங்கிலப் பாட்டு பிடிபடுமா என்று கவலைப்பட்டேன். இந்த நாவலின் தமிழாக்கமான சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' படித்தவர் அவர். தன்னிடம் திருடிய வால்ஜானுக்கே பாதிரியார் வெள்ளி விளக்குத் தண்டுகளை எடுத்துக் கொடுத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளுக்கோ தெருச் சிறுவன் காவ்ரோஷ் செத்ததில் கோபம், இடைவேளையில் வாங்கிய ஐஸ்கிரீம்கூட மறந்துபோயிற்று.

இடைவேளையோடு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் மதியக் காட்சி நல்லது. டிக்கெட் எடுக்கும்போது முன்வரிசையைவிட முதல் மாடியைப் பாருங்கள், பின்திரை முழுசாகத் தெரியும்.