பொறியியல் முனைவர் பட்ட ஆய்வு: நெறியாளரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

எந்திரவியல் மாணவி:
வணக்கம். எம்.டெக். இறுதிப் பருவத்தில் இருக்கிறேன். வெப்பவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஐ.ஐ.டி.க்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். கிடைத்த வேலையை விட்டுவிட்டு ஐந்து ஆண்டுகளை இதற்குக் கொடுக்க வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். நிறையக் கட்டுரைகள் வெளியிட்ட பேராசிரியரிடம் சேர்ந்தால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள் அம்மா. அளவீடு ஒன்று தவறாக வரும்போது அந்தப் பேராசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

என் மாணவர் ஒருவர் கொதித்தலில் நிகழும் வெப்பப் பரிமாற்றத்தை ஆராய்ந்தார். சூடேற்றிய செப்புத் தகட்டின் வெப்பநிலை, ஏறக்குறைய பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை ஒன்றரை டிகிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குமிழிகள் உருவாகும் விதத்தில் புதிதாக ஏதோ நடக்கிறது என்று இருவருமே நம்பினோம். கட்டுரையின் முதல் வரைவும் தயாராகிவிட்டது. ஒருநாள் இரவு ஏ.சி. பழுதாகி நின்றது, ஏற்ற இறக்கமும் அத்தோடு நின்றது. தகட்டின் வெப்பநிலையை அளந்த தெர்மோகப்புள் என்ற உணரி தருவது தன் இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டுக்குரிய மின்னழுத்தத்தை மட்டுமே. கே வகையில் அது டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். தகட்டில் படாத மறுமுனை (குளிர்முனை) இருந்த எங்கள் இணைப்புப் பெட்டியோ ஏ.சி.யின் காற்று நேரே படும் இடத்தில் இருந்தது. கம்ப்ரசர் ஓடி நிற்கும்போதெல்லாம் அங்கே மாறிய வெப்பநிலையை, அதை அளந்து ஈடுசெய்ய வேண்டிய இன்னோர் உணரி உடனுக்குடன் எட்டிப்பிடிக்கவில்லை.

"சார், நாம் இவ்வளவு நாளும் ஏ.சி.யைத்தான் அளந்திருக்கிறோம்" என்றார் மறுநாள் காலையில். நான்கு மாத உழைப்பு அது. வரைவை எழுதச் சொல்லி அவசரப்படுத்தியவன் நான். அந்தத் தவறு என்னுடையது. முனைவர் பட்ட ஆய்வைத் தொடரத் தகுதி காணும் காம்ப்ரிஹென்சிவ் தேர்வில் அவர் தேறிய நாளைவிட, அந்தக் காலையில்தான் அவர் ஆய்வாளரானார் என்று இன்றும் கருதுகிறேன்.

நான்காம் ஆண்டு ஆய்வு மாணவர்:
ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். வீட்டாரின் கவலைக்கும் பதில் வேண்டுமே: ஐ.ஐ.டி.களில் இப்போது உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். தனியாக வாழப் போதும். வீட்டுக் கடனை அடைக்க வேண்டியவர்களுக்குக் கடினம். சேருவதற்கு முன் அந்த ஆய்வகத்தின் மூத்த மாணவர்களிடம், நெறியாளர் வாரம் எத்தனை முறை சந்திக்கிறார், கொடுத்த வரைவை எத்தனை நாளில் படித்துத் தருகிறார் என்று தனியே விசாரியுங்கள். நான் விசாரிக்காமல் சேர்ந்தேன். என் முதல் வரைவு ஏழு மாதங்கள் மேசையிலேயே கிடந்தது.

எந்திரவியல் மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. நேர்காணலுக்கு முன்பே ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா, ஐயா?

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
மாட்டார்கள்; மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அங்கே போனதும் மாணவர் எவரிடமாவது ஆய்வுக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கணிப்போடு ஒத்துவராத அளவீடுகளும் தேதியோடு அதில் பதிவாகியிருந்தால், அந்த மாணவர் தம் நெறியாளரிடம் உண்மையைச் சொல்ல அஞ்சுவதில்லை என்று பொருள். அப்படிப்பட்ட இடம் கிடைத்தால் சேர்ந்துவிடுங்கள்.