மேட்டில் இழுக்காத லொறி, டீசல் முள்ளும் எழும்பவில்லை

ஹட்டன்ல மரக்கறி ஏத்துற இசுசு எல்ஃப், 4.3 லீட்டர், பழைய மாதிரி பம்ப். தீபாவளிக்குப் பிறகு தொடங்கினது. டாங்கி பாதிக்குக் கீழ போனா, தலவாக்கலையில இருந்து நானுஓயா ஏறும்போது இழுவை செத்துப்போகுது. மட்டமான ரோட்டுல பரவாயில்ல. டீசல் முள்ளும் எப்பவும் காலியிலயே கிடக்கு, குச்சி விட்டுத்தான் அளக்கிறேன்.

பில்டர் புதுசு, தண்ணியும் வடிச்சாச்சு. டாங்கிக்குள்ள டீசல் மட்டத்தை அளக்கிற மிதவையோட வயரைக் கழட்டி பாடியில தொட்டா முள் முழுசா எழும்புது. அப்ப மீட்டர் நல்லதுதான். டாங்கியில இருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்புக்கு முன்னால உள்ள தெரியிற ஹோஸ் போட்டுப் பார்த்தோம், ஏத்தத்துல காத்துக் குமிழி வருது. கைப்பம்பை அடிச்சா கொஞ்ச தூரம் ஓடும். ஹோஸ், கிளிப், வாஷர் மாத்தியும் குமிழி நிக்கல. கராஜ் பாஸ், எஞ்சினுக்கு டீசலை அடிக்கிற மெயின் பம்பைக் கழட்டணும்கிறார். காத்து அதுக்கு முன்னாலயே வருதே, எனக்கு மனசு ஒப்பல.

டாங்கிக்குள்ள இறங்குற உறிஞ்சு குழாய் வெடிச்சிருந்தா இப்படிக் காட்டுமா, அண்ணமாரே?